கரூர் டிப்போ நோட்டு

சென்ற மாதம், ஊருக்கு அனுப்பவேண்டிய பழைய மர பீரோ ஒன்றைப் பதிவு செய்யும் பொருட்டு ஈரோட்டிலுள்ள ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்குச் சென்றிருந்தேன். குமாஸ்தா விவரங்களைத் தட்டி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவருக்குப் பின்னால், ஓரங்களில் துளையிட்ட காகிதத்தைப் பற்றி இழுத்தவாறு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இடமும் வலமுமாக ஓடி அச்சடிக்கத் தொடங்கியது. கார்பன் பிரதிகளோடு ரசீது கொடுக்கவேண்டிய இடங்களைத் தவிர மற்ற இடங்களில் இன்று கேட்பதற்கு அரிதாகிவிட்ட அந்தக் கரகரப்பைக் கேட்டமாத்திரத்தில், ரூபாய் நோட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணிக்கையை மறந்து, ஒரு நூற்பாலையின் கணினி அறையில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் இதே ஓசை எழுமா எழுமா என்று காத்திருந்த காலத்துக்குப் போய்விட்டேன்.

கோயம்புத்தூருக்கு அருகே இருந்த அந்த ஆலையில் நான் பணிக்குச் சேர்ந்தபோது, கணினிப் பிரிவை எல்லோரும் ஈ.டி.பி. என்றே சொல்வார்கள். அதன் தலைவரை, அவர் பெயர் இன்னதென்று அறியாதவர்கள்கூட, 'ஈ.டி.பி. சார்' என்று அழைப்பது வழக்கம். திருப்பூர், கரூர், சேலம் ஆகிய ஊர்களில் ஆலைக்கு நூல் டிப்போக்கள் இருந்தன. நான் சேருவதற்குச் சில ஆண்டுகள் முன்வரை, அங்கே பகலெல்லாம் போட்ட பில்களை மாலையில் ஒரு ஃபிளாப்பியில் பதிந்து, அட்டை உறைக்குள் வைத்து ஒட்டி, கோயம்புத்தூருக்குப் புறப்படும் பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒப்படைப்பார்களாம். கரூர் உறையை வாங்கிவர ஆலையிலிருந்து ஒரு பையன் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் இரவு காத்திருப்பானாம். மழைக்காலத்தில் ஃபிளாப்பி நனைந்துவிட்டால், கரூரின் ஒரு நாள் வியாபாரம் ஆலைக்குத் தெரியவருவதற்கு இரண்டு நாளாகும் என்று ஈ.டி.பி. சார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சிரமமெல்லாம் ஒழிந்தது ரிமோட் டெஸ்க்டாப் வந்த பிறகுதான். ஒரே சர்வரில் பலர் ஒரே சமயத்தில் தத்தமக்கு ஒரு திரையோடு வேலை செய்யும் ஏற்பாட்டை விண்டோஸ் என்.டி. 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்பு 1998-லேயே கொண்டுவந்துவிட்டதாயினும், எங்கள் ஆலைக்கு அது விண்டோஸ் சர்வர் 2003-ஐயும் பிராட்பேண்ட் இணைப்பையும் ஒட்டியே வந்து சேர்ந்தது. கணக்கும் சரக்கிருப்பும் கோயம்புத்தூர்ச் சர்வரிலேயே இருக்கும்; டிப்போவிலுள்ள விண்டோஸ் எக்ஸ்பி யந்திரம், விசையில் விழும் விரலையும் மவுஸின் அசைவையும் இங்கே அனுப்பும்; சர்வரோ, இந்த இடத்தில் ஒரு கோடு, இந்த இடத்தில் இன்ன எழுத்து என்று திரையில் வரைவதற்கான கட்டளைகளை அங்கே அனுப்பும். முன்னமே வந்த படத்தைக் கிளையன்ட் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு, மீண்டும் அது வேண்டியபோது தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆகையால்தான் மிக மெதுவான இணைப்பிலும் கரூரிலிருந்தபடியே கோயம்புத்தூர்ச் சர்வரில் பில் போட முடிந்தது. இத்தனையும் 3389 என்ற ஒரே போர்ட்டின் வழியாக நடைபெறுவது அன்று மட்டுமன்று, இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கரூர் டிப்போவில் கணக்குப் பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நெடுங்காலம் பேரேட்டிலேயே பழகியவர். மடிப்புக் குலையாத வெள்ளை வேட்டியும், சட்டைப்பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பேனாக்களும் அவருடைய அடையாளம். இணைப்பு அறுந்துவிட்டால், "தம்பி, கனெக்சன் போயிருச்சுங்க, இங்கிலீசுல என்னமோ நாலு வரி வந்து நிக்குதுங்க" என்று தொலைபேசியில் சொல்வார். மற்ற டிப்போக்காரர்களோ செய்தியைப் படிக்காமலே 'ஓகே'யை அழுத்தி அதை மறையச் செய்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். செய்தியின் ஒரு சொல்லும் விடாமல் கேட்டு அறிந்துகொள்ளாத வரையில், ஈ.டி.பி. சார் எங்களை எதையும் தொடவிடமாட்டார். "கனெக்ஷன் வரலைன்னு எல்லாருந்தான் சொல்வாங்க. மாட்டேன்னு சொன்னது யாரு, சர்வரா கிளையன்டா, எந்தக் கட்டத்துல சொல்லுச்சு, அதெல்லாம் அந்த நாலு வரியிலதான் இருக்கு. முதல்ல அதை வாங்கு" என்பது அவர் எனக்குக் கற்பித்த முதற்பாடம்.

கரூர்ப் பெரியவரிடம் இதை நான் ஒரு முறை சொன்னதுதான் தாமதம், நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, திரையில் வரும் செய்திகளை எழுத்துக்கு எழுத்து வரைந்து வைக்கலானார். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராது; எழுத்துக்கள் மட்டும் தெரியும். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வருவார். நான் இம்முனையில் கூட்டிப் படித்துக்கொள்வேன். பரிகாரம் தெரிந்த பிறகு, நீல மையில் எழுதிய செய்திக்குக் கீழே, செய்யவேண்டியதைச் சிவப்பு மையில் தமிழில் எழுதிக்கொள்வார். நாலைந்து ஆண்டுகளில் அந்த நோட்டு எங்கள் ஆலையிலிருந்த எந்தப் புத்தகத்தையும்விட எனக்குப் பயன்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த நோட்டுக்கு அகப்படாத கோளாறு ஒன்றுண்டு. அது பிரிண்டர் கோளாறு. டிப்போவின் பிரிண்டர் சர்வரில் தோன்றவேண்டுமானால், இரண்டு இடத்திலும் அதன் டிரைவரின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். பிசகினால், டிப்போவின் திரையில் ஒரு வார்த்தையும் வராது; பட்டியலில் பிரிண்டர் இராது, அவ்வளவுதான். இன்ன பிரிண்டருக்குரிய இன்ன டிரைவரை அறியேன் என்ற வரி, 1111 என்ற எண்ணோடு சர்வரின் நிகழ்ச்சிப் பதிவில் மட்டும் ஏறியிருக்கும். அதைப் பார்த்து, டிரைவரை ஏற்றி, அவரை வெளியேறி மீண்டும் வரச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்காமல் காத்திருப்பேன். அங்கே பிரிண்டர் கரகரக்கும். "வந்துருச்சுங்க தம்பி" என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

விண்டோஸ் சர்வர் 2003-க்கு வழங்கப்பட்டுவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவ்வாண்டு எங்கள் ஆலை சர்வர் 2012 ஆர்2-க்கு மாறியது. டிப்போ யந்திரங்களை மாற்றுவதற்கு மட்டும் நிர்வாகம் பணம் ஒதுக்கவில்லை. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துபோயிருந்தாலும், பில் போடுவதற்கு அவை போதாவா என்பது அவர்களுடைய அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை சர்வரை மாற்றினோம். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதலில் கூப்பிட்டது கரூர்தான். பெரியவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். தொலைவிலுள்ள கணினி நெட்வொர்க் லெவல் ஆதன்டிகேஷனைக் கோருகிறது, உங்கள் கணினிக்கு அந்த வசதி இல்லை என்பது அதன் சாரம்.

பழைய முறையில், கிளையன்ட் வந்து தட்டியதுமே சர்வர் அதற்கென்று ஒரு திரையை உண்டாக்கி, லாகின் பக்கத்தை வரைந்து காட்டிவிட்டு, அதற்குப் பிறகே பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். வந்தவர் யாரென்றே தெரியாத நிலையில் சர்வர் தன் நினைவகத்தையும் உழைப்பையும் அவருக்காகச் செலவழித்துவிடுகிறது. அந்த லாகின் பக்கத்துக்கு முந்திய கட்டத்தில் ஏதேனும் ஓட்டை இருந்தால், பாஸ்வேர்டு அறியாதவனும் அதன் வழியே நுழைந்துவிடலாம். விஸ்டாவோடும் சர்வர் 2008-ஓடும் வந்த புதிய முறையில், கிரெட்எஸ்எஸ்பி என்ற ஏற்பாட்டின் மூலம் பெயரும் பாஸ்வேர்டும் முதலில் சரிபார்க்கப்படும். அதன் பிறகே திரை உண்டாகும். ஈ.டி.பி. சார் இதை மானேஜருக்கு விளக்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "முன்னெல்லாம் வர்றவங்களைக் கூடத்துல உக்காரவெச்சு, தண்ணி கொடுத்துட்டு, அப்புறந்தான் நீங்க யாருன்னு கேப்போமுங்க. இப்பத் திண்ணையிலயே கேட்டுடறது" என்றார்.

மானேஜருக்கு அன்று வேண்டியிருந்தது விளக்கமன்று, பில். சர்வரின் அமைப்பில் ஒரு கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் எக்ஸ்பி யந்திரங்கள் முன்போலவே வந்துவிடும் என்று வெளியூர் நண்பர் ஒருவர் மூலம் அவர் அறிந்திருந்தார். அது உண்மையுங்கூட. "அஞ்சு நிமிஷ வேலையாமே, ஏன் சார் பண்ணக்கூடாது?" என்று கேட்டார். ஈ.டி.பி. சார் குரலை உயர்த்தாமல் சொன்ன பதில் இது: "அந்த டிக் கரூருக்கு மட்டும் இல்லீங்க, வர்றவங்க எல்லாருக்குந்தான். மூணு பழைய மிஷினுக்காகச் சர்வரைத் தாழ்த்த வேண்டாம். மிஷினை உயர்த்த வழி இருக்குதுங்க. ரெண்டு நாள் கைப்பில் போடட்டும்." மானேஜர் அரை மனத்தோடு இசைந்தார். டிப்போக்களில் பழைய பில் புத்தகங்களைத் தேடி எடுத்தார்கள்.

அவருடைய பிடிவாதத்தை அன்று ஆலையில் பலர் குறை கூறினார்கள். ஆனால் 2019 மே மாதத்தில் புளூகீப் என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளிப்பட்டபோது, நான் அவரையே நினைத்துக்கொண்டேன். விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றிலும் அவற்றுக்கு முந்திய பதிப்புகளிலும் பாஸ்வேர்டு இல்லாமலே புகுந்துவிட இடங்கொடுத்த அந்த ஓட்டை எவ்வளவு அபாயகரமானதென்றால், ஆதரவு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்த எக்ஸ்பிக்குக்கூட அதற்காகத் தனியே ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். திண்ணையிலேயே கேட்கும் முறை வைத்திருந்த சர்வர்களில், செல்லத்தக்க பெயரும் பாஸ்வேர்டும் இல்லாதவன் அந்த ஓட்டையை நெருங்க முடியவில்லை. சௌகரியத்துக்காக ஒரு காவலை நீக்குகிறவர்கள் அதைத் திரும்ப வைப்பதாகச் சொல்வார்கள். வைத்தவர்களை நான் மிகச் சிலராகவே கண்டிருக்கிறேன். இவ்விஷயத்தில் அவர் கட்சிதான் என் கட்சியும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு கரூருக்குப் பஸ் ஏறினேன். டிப்போவின் முன்னறையில் பெரியவர், பின்னறையில் கூரையளவு அடுக்கிய நூல் மூட்டைகள், எங்கும் புதுப் பஞ்சின் வாசனை. ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் இடப்பக்க மேல்மூலையிலுள்ள சின்னப் படத்தை அழுத்தி, 'அபவுட்' என்பதைத் திறந்தால், அந்தக் கிளையன்ட் எந்தப் பதிப்பு, நெட்வொர்க் லெவல் ஆதன்டிகேஷன் அதற்கு உண்டா இல்லையா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். இல்லை என்றே அது சொல்லிற்று. யந்திரத்தில் சர்வீஸ் பேக் 2 தான் இருந்தது. 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3-ல்தான் கிரெட்எஸ்எஸ்பி எக்ஸ்பிக்குக் கிடைத்தது; அப்படிக் கிடைத்தும் அதை உறங்கும் நிலையிலேயே வைத்துக் கொடுத்திருந்தார்கள். 300 எம்.பி.க்கு மேற்பட்ட அந்தக் கோப்பைக் கோயம்புத்தூரிலேயே இறக்கிக் கொண்டுவந்திருந்ததனால், பெரியவர் வாங்கிவரச் சொன்ன காபியை அருந்தி முடித்து, அவர் வீட்டு விசேஷங்களையெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் அது ஏறிவிட்டது.

அதன் பிறகு ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடங்களைத் திருத்தவேண்டும். எல்எஸ்ஏ என்ற பிரிவின் கீழ் 'செக்யூரிட்டி பேக்கேஜஸ்' என்ற பட்டியலின் கடைசியில் டிஎஸ்பிகேஜி என்பதையும், 'செக்யூரிட்டி புரொவைடர்ஸ்' என்ற வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்து கிரெட்எஸ்எஸ்பி டிஎல்எல் என்பதையும் சேர்க்கவேண்டும். முன்பே அங்கிருப்பவற்றில் ஒன்றையும் அழித்துவிடலாகாது. பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வோர் அடியையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். "பழசு ஒண்ணையும் அடிக்கக்கூடாதுங்களா? கடைசியில சேக்கறது மட்டுந்தானுங்களா?" என்று கேட்டு, அவ்விதமே எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் இழுத்தார். யந்திரத்தை மறுபடி தொடங்கி, 'அபவுட்'டைத் திறந்து பார்த்தபோது, வசதி உண்டு என்று மாறியிருந்தது. சர்வரைக் கூப்பிட்டோம். லாகின் பக்கம் வருவதற்கு முன்னமே, எக்ஸ்பியின் திரையிலேயே சிறு பெட்டி ஒன்று தோன்றிப் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. அதுவரை பேசாதிருந்த பெரியவர், "முன்னே அங்க போனப்புறம் கேக்கும், இப்ப இங்கயே கேக்குதுங்களே தம்பி" என்றார். நான் ஒன்றும் விளக்காமலே அவர் அதைக் கண்டுகொண்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை.

திருப்பூரிலும் சேலத்திலும் இதே சிகிச்சையைச் செய்தும் இணைப்புக் கிட்டவில்லை. திருப்பூரில் வந்த செய்தி லைசென்சைப் பற்றியது. சர்வருக்குள் வரும் யந்திரத்துக்கென்று கொடுக்கப்படும் அனுமதி, கிளையன்டின் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்லைசென்சிங் என்ற பிரிவில் தங்கியிருக்கும். புதிய பதிப்புக்கு வாங்கிய அனுமதி பழைய சர்வருக்குச் செல்லும்; பழைய அனுமதியோ புதிய சர்வருக்குச் செல்லாது. ஆலை புதிய அனுமதிகளை வாங்கியிருந்தும், பழைய சர்வர் கொடுத்ததையே அந்த யந்திரம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, நிர்வாகியின் உரிமையோடு ஒரு தடவை இணைத்ததும், புதியது தானே எழுதப்பட்டது. சேலத்தில் வந்த செய்தி, இரு யந்திரங்களின் தேதியும் நேரமும் ஒத்துவரவில்லை என்று சொல்லியது. கீழ்மூலையில் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு நாள் காலையிலும் அது பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பழைய சர்வர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. புதிய சர்வர் காட்டும் சான்றிதழோ 2015-இல் பிறந்தது. கடிகாரத்தின்படி அது இன்னும் பிறக்கவேயில்லை. கடைவீதியில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டதும் சேலமும் வந்து சேர்ந்தது.

கடைசியாக மிஞ்சியது பிரிண்டர். டிரைவர் பெயர்ப் பொருத்தம் பார்க்கும் தொல்லையை நீக்குவதற்காக, சர்வர் 2008 முதல் 'ஈசி பிரிண்ட்' என்று ஒரு வசதி வந்திருந்தது. லேசர் பிரிண்டருக்கு அது உத்தமமானது. ஆனால் டாட் மேட்ரிக்ஸுக்கு அது பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பியதனால், முன்பு சில விநாடிகளில் முடிந்த பில்லைப் பிரிண்டர் வரிவரியாக இழைத்து இழைத்து வெளியிட்டது. பாதித் தாள் அளவும் தவறி, அடுத்த பில்லின் தலைப்பு முந்திய தாளின் அடியில் விழுந்தது. சர்வர் 2012 ஆர்2 64 பிட் மட்டுமே ஆனபடியால், பிரிண்டரோடு வந்த பழைய டிரைவர் அதற்கு ஆகாது. எப்சன் முறைக் கட்டளைகளை அந்தப் பிரிண்டர் ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் கண்டு, அதற்கொத்த 64 பிட் டிரைவரைச் சர்வரில் ஏற்றி, டிப்போவிலும் அதே பெயருள்ள டிரைவரை வைத்து, ஈசி பிரிண்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினோம். தொலைபேசியின் மறுமுனையில் பழைய வேகத்தோடு அந்தக் கரகரப்பு எழுந்தபோது, பக்கத்தில் நின்ற ஈ.டி.பி. சார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கித் தம் காதிலும் வைத்துக் கேட்டார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதை ஒட்டி டிப்போக்களுக்கு விண்டோஸ் 10 யந்திரங்கள் கிடைத்தன. ஈ.டி.பி. சார் ஓய்வு பெற்றார். சில மாதங்களில் கரூர்ப் பெரியவரும் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வணிகவியல் படித்த ஒரு பெண் வந்தாள். 2018 மே மாதத்தின் நடுவில் ஒரு நாள் காலை அவள் கூப்பிட்டு, செய்தியை ஆங்கிலத்திலேயே தங்குதடையின்றி வாசித்தாள். "ஐயா நோட்டுல இந்த மெசேஜ் இல்லீங்க சார். ஆனா இதுல வர்ற கிரெட்எஸ்எஸ்பிங்கிற பேரு ஒரு பக்கத்துல இருக்குதுங்க. அதுல எழுதியிருக்கறதையே செஞ்சு பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று தடுத்தேன். எந்தக் கிரெட்எஸ்எஸ்பியை நம்பி 2015-இல் யந்திரங்களை உயர்த்தினோமோ, அதிலேயே ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் அதற்குத் திருத்தம் வந்திருந்தது. மே மாதத் திருத்தமோ, முந்திய திருத்தத்தைப் பெறாத சர்வரோடு பேசவே கூடாதென்று கிளையன்டுக்குக் கட்டளையிட்டது. டிப்போ யந்திரம் தானாகவே திருத்திக்கொண்டுவிட்டது. மார்ச் கணக்கு முடிந்து ஆடிட்டர்கள் எழுந்திருக்கும்வரை சர்வரைத் தொடலாகாதென்பது ஆலையின் நெடுநாளைய விதியாகையால், எங்கள் சர்வர் திருத்தம் பெறாமல் இருந்தது. பழையது இப்போது நாங்களே. மாட்டேன் என்று சொன்னது கரூர். கிளையன்டில் ஏறிய திருத்தத்தை நீக்கிவிடலாமென்றும், பாதுகாப்பு நிலையைக் குறைத்து வைக்கலாமென்றும் அன்று பல ஊர்களிலிருந்த நண்பர்கள் எனக்கு யோசனை சொன்னார்கள். நான் மானேஜரிடம் சென்று, மதிய உணவு வேளையில் சர்வரை நிறுத்துவதற்கு அனுமதி கேட்டேன். இம்முறை அவர் வாதிக்கவில்லை.

திருத்தம் ஏறிச் சர்வர் எழுந்து நின்றபின் கரூரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்துவிட்டதாகச் சொன்னவள், நோட்டில் என்ன எழுதிக்கொள்வது என்று கேட்டாள். பெரியவரின் பழைய பக்கத்துக்கு அடியில் இடம் இருக்கிறதா என்றேன். இருப்பதாகச் சொன்னாள். செய்தியை முழுவதும் எழுதி, அதற்குக் கீழே, 'கோளாறு கோயம்புத்தூரில். இங்கே எதையும் மாற்றக்கூடாது, ஆபீசுக்குப் போன் செய்யவும்' என்று சிவப்பு மையில் எழுதும்படி சொன்னேன்.